வலப்பக்கம் சுற்றும் பனிமனிதன்

"தள்ளு டகி, தோளைக் குடுத்துத் தள்ளு!"

"பாஸ், இழுக்கணும்னு எழுதியிருக்கு."

டகி நபிகன் கதவை இழுத்தான். அது சமர்த்தாகத் திறந்தது.

அவனை முறைக்க நேரமில்லாமல் இர்மா ஹக்கலா உள்ளே பாய்ந்தாள். உடை மாற்றும் அறை காலி. ஆணியில் ஆண்டர்ஸின் குளிர்க் கோட்டு. பெஞ்சுக்கு அடியில் அவனுடைய பூட்ஸ். பெஞ்சின் மேல் ஒரு செல்போன் மரத்தைக் கடகடவென்று உதைத்துக்கொண்டிருந்தது. அதன் முகத்தில் 'இர்மா' என்று மின்னியது.

இர்மா தன் கையிலிருந்த போனை அணைத்தாள். பெஞ்சு போனும் அடங்கியது.

"கோட்டு இங்க, பூட்ஸு இங்க, போனும் இங்க," என்றான் டகி, கையிலிருந்த பெர்சியன் பன்னின் இளஞ்சிவப்புக் கிரீமை நக்கியபடி. "வெளிய போயிருந்தா வெறுங்காலோடதான் போயிருக்கணும். முப்பது டிகிரி மைனஸ்ல அப்படிப் போறவன் நம்ம தண்டர் பே ஊர்க்காரனா இருக்க முடியாது."

"அவன் நார்வேக்காரன்."

"அப்ப போயிருப்பான்."

"வாயை மூடிட்டு வா."

இர்மா இருபது வருடத்துக்கு மேல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய்யையும் மெய்யையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தவள். இடது முழங்காலில் ஒரு துண்டு இரும்பு வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்று, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். அன்று காலையில்தான், ஸ்கேட்டிங் கம்பெனியில் பனிமனிதனாக ஆடும் ஆண்டர்ஸ் போன் செய்திருந்தான்.

"மேடம், கொலெட் விழுந்ததுக்கு யார் காரணம்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. ரெஜைனால ஆட்டம் பாத்த ஒரு அம்மா வீடியோ அனுப்பியிருக்காங்க. போன்ல வேணாம். இடைவேளைக்கு வாங்க. கொலெட் பக்கத்துல இருக்கணும். அவதான் மொதல்ல கேக்கணும்."

இடைவேளை வந்தது, போனது. ஆண்டர்ஸ் மட்டும் வரவில்லை.

நடைபாதை திரும்பிய இடத்தில் கறுப்புத் திரை. அதற்கு அப்பால் ஹாக்கி மைதானம் அளவுக்குப் பனித்தளம், சுற்றிலும் நாலாயிரம் குழந்தைகளும் அவர்களைக் கட்டி மேய்க்கும் பெற்றோர்களும். 'ஊர் உலகத் திருவிழா' என்று பெயர் வைத்த குடும்ப ஸ்கேட்டிங் காட்சி. உலகத்துப் பண்டிகைகளையெல்லாம் ஒரே மாலையில் பனி மேல் வழுக்கவிட்டு முடிக்கிற ஆட்டம்.

திரையோரம், வேலித் தடுப்பை ஒட்டிய சக்கர நாற்காலியில் கொலெட் உட்கார்ந்திருந்தாள். ஆண்டர்ஸின் மனைவி. போன மாதம் ரெஜைனாவில், புத்தாண்டு நட்சத்திரமாகக் கம்பியில் பறந்தவள் பாதி உயரத்திலிருந்து விழுந்தாள். இடுப்பும் தொடையும் போயின. அந்த ஒரு நாளின் ஞாபகமும் சேர்ந்து போயிற்று.

"பறக்கறவங்கதான் முதுகுல கம்பிக் கொக்கியைத் தானே மாட்டணும். அதுதான் ரூல்," என்று அவள் இடைவேளையில் இர்மாவிடம் சொல்லியிருந்தாள். "அதனால தப்பு என்னோடதுன்னு கம்பெனி சொல்லிருச்சு. இல்லைன்னு சண்டை போடலாம் மேடம். ஆனா எனக்கே தெரியலையே? நானே சரியா மாட்டலையோ? என் காலை நானே ஒடச்சுக்கிட்டேனோ? ராத்திரி கண்ண மூடினா இதுதான் ஓடுது."

இப்போது அவள் அந்தப் பேச்சையெல்லாம் மறந்து பனித்தளத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"ஆண்டர்ஸ் ரூம்ல இல்லம்மா," என்றாள் இர்மா.

"அவன் ஏன் ரூம்ல இருக்கப் போறான் மேடம்?" பின்னாலிருந்து ஒரு குரல் சிரித்தது. "அதோ, வேலை பாத்துக்கிட்டிருக்கான்."

லாயிட் பேக்ஸ்டர். மேடை மேனேஜர். காதில் மைக், கையில் முழ நீள இரும்புக் குச்சி, அதன் நுனியில் சின்னதாய் ஒரு கொக்கி. இந்தக் கட்டடத்தில் ஆட்டத்தை ஓட்டவும் நிறுத்தவும் அதிகாரம் உள்ள ஒரே ஆள். குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டே பனித்தளத்தைக் காட்டினான்.

பனி மேல் தீபாவளி நடந்துகொண்டிருந்தது. பாவாடை தாவணியில் பெண்கள் கையில் விளக்கோடு வட்டமடித்தார்கள். அந்த விளக்குகளுக்கு நடுவே, கேரட் மூக்கும் தொப்பியும் பீப்பாய் வயிறுமாக ஒரு பனிமனிதன் நின்றிருந்தான்.

"தீபாவளிக்குப் பனிமனுஷன் என்ன செய்யறான்?" என்றான் டகி. "விளக்குச் சூட்டுல உருகிடப் போறான்."

லாயிட் தோளைக் குலுக்கினான். "இடைவேளை முடிஞ்சதும் வந்து, 'ரெடியா பிள்ளைங்களா'ன்னு கையாட்டிட்டு உள்ள போயிடணும். கிறிஸ்துமஸுக்குத்தான் திரும்ப வேலை. இன்னிக்கு என்னமோ போகவே மாட்டேங்கறான். குஷி போல."

பனிமனிதன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான், விடாமல், வேக வேகமாக. நாலாயிரம் குழந்தைகள் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்கள்.

பிறகு அவன் சுழன்றான். ஒரு சுற்று, இரண்டாவது பாதியில் தடுமாறி, தொப்பென்று உட்கார்ந்தான். அரங்கம் சிரித்துக் குலுங்கியது.

கொலெட் சிரிக்கவில்லை. "அது ஆண்டர்ஸ் இல்ல."

"என்னம்மா சொல்ற?"

"சுத்தின பக்கத்தைப் பாருங்க மேடம். வலப்பக்கம் சுத்தறான். ஆண்டர்ஸ் இடப்பக்கம். ஸ்கேட்டிங் ஆடறவங்களுக்கு அது பொறவியிலேயே வர்றது, கைரேகை மாதிரி. ஆறு வயசுல எந்தப் பக்கம் சுத்தினோமோ சாகற வரைக்கும் அதே பக்கம்தான். மாத்திச் சுத்தச் சொன்னா ஒலிம்பிக் போனவன்கூட விழுவான்."

"இந்தக் கம்பெனில வேற யாரு வலப்பக்கம்?"

"நான் ஒருத்திதான்."

"அப்ப கேஸ் முடிஞ்சுது," என்றான் டகி. "பனிமனுஷனுக்குள்ள இருக்கறது நீங்கதான்."

கொலெட் அவனைப் பார்த்த பார்வையில் பெர்சியன் தொண்டையில் நின்றுவிட்டது.

லாயிடின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்திருந்தது. தடுப்பின் மேல் சாய்ந்து உற்றுப் பார்த்தான். பனிமனிதன் எழுந்து மறுபடி சுழன்றான். மறுபடி வலப்பக்கம். மறுபடி விழுந்தான்.

"அட ஆமா!" லாயிட் விசிலடித்தான். "ஆண்டர்ஸ் இல்லவே இல்ல. யாரோ உள்ள பூந்திருக்கான்! அதான் வெளிய வரப் பயப்படறான். வந்தா தலையைக் கழட்டிடுவோம்ல?"

இர்மாவுக்கு அது பொருந்தியது. சாவியும் பூட்டும் போல அத்தனை கச்சிதமாகப் பொருந்தியது. பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு நாக்கு கசந்தது.

"அவனுக்கு உடுப்பு போட்டுவிட்டது யாரு?"

"இடைவேளை இருட்டுல யாரு பாத்தா மேடம்? தலையெல்லாம் மாட்டிக்கிட்டு ரெடியா வந்து நின்னான். உள்ள இருக்கறவனுக்குத் தன் காலே தெரியாது. அதனால நான்தான் கையைப் புடிச்சு ஐஸ்ல விடுவேன், கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவேன். இன்னிக்கும் விட்டேன். யாருன்னு கண்டேனா?"

"ஆட்டத்தை நிறுத்துங்க."

"நாலாயிரம் குழந்தைங்க மேடம்! கலவரமாயிடும்." லாயிட் குச்சியால் திரையைத் தட்டினான். "எதுக்கு அவசரம்? ஐஸை விட்டு வெளிய வர ஆட்டக்காரங்களுக்கு இந்த ஒரு வழிதான். ஹாக்கி பெஞ்சுக் கதவுல அந்த வயிறு நுழையாது. அந்தக் கோடில இருக்கற பெரிய கேட்டுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம், ஆட்டம் முடியற வரைக்கும் திறக்க மாட்டாங்க. அவன் எங்கிட்டதான் வந்தாகணும். நான் இங்கயே நிக்கறேன். நீங்க ஆண்டர்ஸைத் தேடுங்க. பாவம், எங்க கட்டிப் போட்டு வெச்சிருக்கானுங்களோ." மைக்கில் குரல் கொடுத்தான். "எல்லாரும் கேளுங்க. பனிமனுஷன் நம்ம ஆள் இல்ல. கடைசி வணக்கத்துக்கு அப்புறம் அவனை இழுத்துட்டு எங்கிட்ட வாங்க."

"குச்சி எதுக்கு, அடிக்கறதுக்கா?" என்றான் டகி.

"இதுவா? இது என் செங்கோல்," லாயிட் கண்ணடித்தான். "கம்பெனிக்கே ஒண்ணுதான். இது இல்லாம இங்க எவனும் உள்ள போகவும் முடியாது, வெளிய வரவும் முடியாது."

கிளம்பும்போது இர்மா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். தீபாவளி போய் ஹாலோவீன் வந்திருந்தது. பூசணிக்காய் உடுப்பில் இரண்டு தடியர்கள் வலம் வந்தார்கள். பனிமனிதன் ஒரு பூசணிக்காயின் தோளைப் பிடித்து உலுக்கினான். பூசணிக்காய் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆடத் தொடங்கியது. குழந்தைகள் கைதட்டினார்கள்.

*

போலீஸுக்கு இர்மா போன் போட்டாள். நெடுஞ்சாலையில் பனிப்புயல், வண்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன, வருவோம், எப்போது என்று சொல்ல முடியாது என்றது ஒரு களைத்த குரல்.

கொதிகலன் அறை, கழிவறை, பாப்கார்ன் கிடங்கு என்று எங்கும் தேடியாயிற்று. எல்லாம் காலி. சுவருக்கு அப்பால் பாட்டு மாறிக்கொண்டே இருந்தது. மெக்சிகோக்காரர்களின் இறந்தோர் தினத்துக்கு எக்காளம் ஊதினார்கள். எலும்புக்கூடுகளுக்கு நடுவிலும் அந்தப் பனிமனிதன் கையாட்டிக்கொண்டிருப்பான் என்று இர்மாவுக்குத் தோன்றியது.

அரங்கத்தின் மறுகோடிக்கு வந்தார்கள். அங்கேதான் ஐஸ் வழிக்கிற வண்டி போய் வரும் அகலமான கேட். எதிரே சரக்கு இறக்கும் வாசல். வாசல் திறந்து கிடந்தது. வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஒரு லாரி உறுமியபடி நின்றது. பின்கதவும் திறந்தே இருந்தது.

"ஆட்டம் முடியறதுக்குள்ள எங்கய்யா கிளம்பிட்ட?" என்று டகி டிரைவரைக் கேட்டான்.

"வின்னிபெக். பனிமனுஷன் ஏறினதும் கிளம்பணும். இன்னிக்கு அதுதான் மொதல்ல ஏறணும்னு லாயிட் சொல்லியிருக்காரு. அவரே கொண்டாந்து ஏத்திப் பூட்டுவாராம்."

"உடுப்பா, ஆளா?"

"உடுப்புதான்!" டிரைவர் கையுறையைத் தேய்த்துக்கொண்டார். "பின்னாடி ஹீட்டர் கிடையாது தம்பி. ஆளை ஏத்தினா பாதி வழிலயே வெறச்சுப் போயிடுவான்."

இர்மா லாரிக்குள் எட்டிப் பார்த்தாள். வரிசையாகத் துணிப்பெட்டிகள். அவற்றுக்கு நடுவே, பீப்பாய் வயிறுள்ள ஒன்று நிற்கிற அளவுக்கு ஓர் இடைவெளி. என்னவோ உறுத்தியது. என்ன என்று பிடிபடவில்லை.

வாசலை ஒட்டி உபரி உடுப்பு அறை. அங்கேயும் ஆண்டர்ஸ் இல்லை. இர்மா ஒரு பெட்டியின் மேல் தளர்ந்து உட்கார்ந்தாள். முழங்கால் இரும்பு குளிரில் கடுத்தது.

"என்னை நம்பி அந்தப் பொண்ணு ஒரே ஒரு கேள்வி கேட்டா டகி. பதில் வெச்சிருந்த ஒரே ஆளையும் நான் தொலைச்சிட்டேன். அவ புருஷனை."

டகிக்கு அவள் இப்படிப் பேசுவது பிடிக்காது. அவள் பேச்சை மாற்ற அவனுக்குத் தெரிந்த ஒரே வழி கோமாளித்தனம். அறையைச் சுற்றிப் பார்த்தான். கம்பியில் தொங்கிய தங்க நிறச் சிறகுகளைத் தொட்டான். குதிகால் வரை நீளமான சிறகுகள். தோளிலும் இடுப்பிலும் இறுக்கிக் கட்டும் பட்டைகள் இருந்தன. ஒரு சிறகு நடுவில் ஒடிந்திருந்தது.

"இந்தத் தேவதையும் விழுந்துட்டா போல," என்றான்.

இர்மா முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

மூலையில் உபரிப் பனிமனிதன் உடுப்பு கிடந்தது. டகி அதற்குள் காலை விட்டான், கையை விட்டான், தலையை மாட்டினான். உள்ளே இருந்து என்னமோ சொன்னான். கம்பளிக்குள் கொசு கத்துவது போலக் கேட்டது.

"என்ன?"

தலையைத் தூக்கினான். "முதுகு ஜிப்பை இழுத்து விடு பாஸ். கை எட்டல. இந்தப் பஞ்சுக் கை என் மூக்குக்கே எட்டல, முதுகுக்கு எங்க?"

அலுத்துக்கொண்டே இர்மா எழுந்தாள். ஜிப்பின் கீழ்நுனியைத் தேடினாள். பிடித்து இழுக்க நாக்கே இல்லை. ஒரு சின்ன ஓட்டைதான் இருந்தது.

"குழந்தைங்க புடிச்சு இழுத்துடும்னு நாக்கை எடுத்துருப்பாங்க," என்றான் டகி. "எதாவது கொக்கி மாதிரி..."

இர்மா அங்கே கிடந்த ஹேங்கரை எடுத்தாள். அதன் வளைந்த நுனியை ஓட்டையில் மாட்டினாள். இழுத்தாள். ஜிப்பு சரசரவென்று கழுத்து வரை ஏறியது.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"டகி."

"ம்?"

"ஒரு பனிமனுஷன் தன்னைத் தானே மூடிக்க முடியாது."

"அதைத்தானே சொல்றேன்..."

"தலையெல்லாம் மாட்டிக்கிட்டு ரெடியா வந்து நின்னான்னு லாயிட் சொன்னானே! மூடினது யாரு? கொக்கிக் குச்சி கம்பெனிக்கே ஒண்ணுதான்! அவன் இல்லாம எவனும் உள்ள போகவும் முடியாது, வெளிய வரவும் முடியாது! அவனே சொன்னான்டா, நம்ம மூஞ்சிக்கு நேரா!"

டகி தலையை முழுக்கக் கழற்றினான். முகத்தில் விளையாட்டு இல்லை.

"அப்ப உள்ள யாருன்னு லாயிடுக்குத் தெரியும்."

"ஆண்டர்ஸ்தான். ஆரம்பத்துலேர்ந்து ஆண்டர்ஸ்தான்!" இர்மா கையிலிருந்த ஹேங்கரை விடாமல் கதவை நோக்கி நடந்தாள். "வெளிய வந்தா லாயிட் கையைப் புடிச்சு நேரா இந்த லாரில கொண்டாந்து விடுவான். கத்தினா யாருக்கும் கேக்காது. அதான் ஐஸை விட்டு எறங்கவே இல்ல. உதவின்னு கையைத் தூக்கினான், குழந்தைங்க டாட்டா காட்டுச்சுங்க. பூசணிக்காயைப் புடிச்சு உலுக்கினான், அது அவனோட டான்ஸ் ஆடுச்சு. வேற வழியே இல்லாம வலப்பக்கம் சுத்தினான், டகி. விழுந்து விழுந்து சுத்தினான். கம்பெனில வலப்பக்கம் சுத்தறது யாரு? ஒருத்திதானே!"

"கொலெட்."

"அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கான். பனி மேல, தன் உடம்பால. நாம என்ன செஞ்சோம்? 'இவன் ஆண்டர்ஸ் இல்ல'ன்னு சொல்லிட்டு அவனை விட்டுட்டு அவனையே தேடப் போனோம்."

சுவருக்கு அப்பால் நாலாயிரம் குரல்கள் எண்ணத் தொடங்கின. புத்தாண்டு வந்துவிட்டது. கடைசிக் காட்சி. அதன் பிறகு வணக்கம், அதன் பிறகு...

*

நடைபாதையில் ஓடிப் பயனில்லை. அரங்கத்தை அரை வட்டம் சுற்ற வேண்டும், அவள் முழங்காலோடு. இர்மா கேட்டின் தாழ்ப்பாளைத் தூக்கித் தள்ளினாள். ஐஸ் வண்டிக்காரர் "ஏய் ஏய்" என்று கத்தினார். கேட் ஆள் நுழையும் அளவு திறந்தது.

வண்ணக் காகிதம் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்கள் வரிசையாகக் குனிந்து வணங்கினார்கள். நடுவில் பனிமனிதன் தனியாக நின்றான். விளக்குகள் மங்கின. எல்லோரும் திரையை நோக்கி வழுக்கிப் போனார்கள். அவன் மட்டும் போகவில்லை.

இரண்டு பூசணிக்காய்களும் அவனை நோக்கித் திரும்பின. ஆளுக்கொரு கையைப் பிடித்து, முரட்டுத்தனமாக, திரைப்பக்கம் இழுத்தன. பனிமனிதன் காலைப் பரப்பி எதிர்த்தான். பனியில் பிடிமானம் ஏது? மூட்டை போல வழுக்கிக்கொண்டே போனான். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரையோரம் லாயிட் கையை நீட்டிக் காத்திருந்தான், வீட்டுக்கு வரும் மாப்பிள்ளையை வரவேற்கிறவன் போல.

"விடுங்கடா! அது ஆண்டர்ஸ்!" இர்மா கத்தினாள். இசை அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது. பனியில் காலை வைத்தாள். முதல் அடியிலேயே மல்லாந்தாள். எழுந்தாள். மறுபடி விழுந்தாள். கைகளை ஊன்றி, ஒரு மைதான நீளத்துக்கு அப்பால் தன் தவறு இழுத்துச் செல்லப்படுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். 'இவன் ஆண்டர்ஸ் இல்லை' என்பதை நம்பித்தானே அந்தப் பூசணிக்காய்கள் இழுக்கின்றன? அதை ஆமோதித்து அனுப்பியவள் அவள்தானே?

அவள் தலைக்கு மேலே ஏதோ வெள்ளையாகத் தாண்டியது.

இரண்டாவது பனிமனிதன்.

"பூட்ஸோட ஐஸ்ல ஓடறதுக்கு எங்க தெருவுல லீக்கே உண்டு பாஸ்!" என்று கத்திவிட்டு டகி தலையை மாட்டிக்கொண்டான். குடுகுடுவென்று ஓடினான், சறுக்கினான், வயிறு தரையில் பட விழுந்து பீரங்கிக் குண்டு போலப் போய் ஒரு பூசணிக்காயின் காலை வாரிவிட்டான்.

ஒரு சின்னப் பெண் அலறினாள்: "இன்னொரு பனிமனுஷன்!"

கூரை பிய்ந்துகொண்டது. போகக் கிளம்பிய குடும்பங்கள் திரும்ப உட்கார்ந்தன. விளக்குக்காரனும் ஆர்வம் தாங்காமல் விளக்கைப் பளிச்சென்று போட்டான். நின்றிருந்த பூசணிக்காய் இந்தப் பனிமனிதனையும் அந்தப் பனிமனிதனையும் மாறி மாறிப் பார்த்து, எதைப் பிடிப்பது என்று தெரியாமல், கையிலிருந்ததை விட்டுவிட்டது.

விடுபட்டவன் ஓடவில்லை. சக்கர நாற்காலி இருந்த பக்கம் பார்த்து நின்று, கடைசி முறையாகச் சுழன்றான். வலப்பக்கம். இந்தத் தடவை விழவில்லை.

கொலெட் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொள்வது இர்மாவுக்கு அங்கிருந்தே தெரிந்தது.

"இங்க! இங்க வாப்பா!" இர்மா மண்டியிட்டபடியே இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். திறந்த கேட்டின் வெளிச்சத்தைப் பார்த்துப் பனிமனிதன் அம்பு போல வந்தான்.

கையோடு கொண்டுவந்த ஹேங்கர் கொக்கியால் இர்மா ஜிப்பைக் கிழிக்காத குறையாக இறக்கினாள். தலை கழன்றது. வியர்வையில் ஊறி, உதடு வெடித்து, ஆண்டர்ஸ். வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. அந்தத் தலைக்குள் கத்திக் கத்தி அவனுக்குக் குரலே போயிருந்தது.

"ஜிப்பு மூடறப்ப..." என்று கிசுகிசுத்தான். "காதுல சொன்னான்... 'வீடியோ எனக்கும் வந்துச்சு. வின்னிபெக் போய்ச் சேர்றப்ப நெஜமான பனிமனுஷனா இருப்ப'ன்னு..."

நடைபாதையில் சக்கரங்கள் கிறீச்சிட்டன.

"ஆண்டர்ஸ்! கடவுளே, உள்ள இருந்தது நீயாடா?" லாயிட் மூச்சு வாங்க வந்தான். கொலெட்டின் சக்கர நாற்காலியை அவனே தள்ளிக்கொண்டு வந்திருந்தான். செங்கோல் இடுப்பில் செருகியிருந்தது. முகத்தில் அக்கறை வழிந்தது. "நல்லவேளை மேடம், நீங்க மட்டும் இல்லேன்னா! பாரு கொலெட், உன் புருஷன் பத்திரமா இருக்கான். யாரோ இவனைப் புடிச்சு உள்ள போட்டு மூடியிருக்கானுங்க."

கொலெட் கணவனின் பஞ்சுக் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "என் பக்கம் சுத்தியிருக்கியே, எனக்கு ஏன் உறைக்கல? என்னைக் கூப்பிட்டிருக்க, நான் அது நீ இல்லைன்னு சொல்லிட்டேனே..."

இர்மா தடுப்பைப் பிடித்து எழுந்தாள். முழங்கால் நெருப்பாக எரிந்தது. உடுப்பு அறைக் கதவு திறந்திருந்தது. கம்பியில் அந்தத் தங்கச் சிறகுகள் ஆடிக்கொண்டிருந்தன.

"ஆண்டர்ஸ், பேச வேணாம். தலையை மட்டும் ஆட்டு. அந்தச் சிறகு யாரோடது?"

ஆண்டர்ஸின் பார்வை மனைவியின் பக்கம் போயிற்று.

"சிறகா?" கொலெட் நிமிர்ந்தாள். "எனக்கு ஏது சிறகு? நட்சத்திர உடுப்புக்குச் சிறகே கிடையாதே மேடம்."

"ரெஜைனால..." ஆண்டர்ஸ் கிசுகிசுத்தான். "அன்னிக்குத்தான் மொதல் தடவை. புது உடுப்பு. உனக்கு ஞாபகம் இல்ல. வீடியோல தெரியுது... சிறகைக் கட்டிக்கிட்டுத்தான் திரைக்கே வர்ற. கம்பி அப்புறம்தான் எறங்குது."

லாயிடின் முகத்தில் அக்கறை காய்ந்துபோயிற்று. நாற்காலிக் கைப்பிடிகளை அவன் விரல்கள் இறுக்கின. அடுத்த நொடி அவன் இரண்டு பக்கமும் பின்னாலிருந்து இரண்டு பெரிய வெள்ளைப் பஞ்சுக் கைகள் வந்து, அவனையும் அவன் கைகளையும் சேர்த்து அணைத்துக்கொண்டன. ஐஸிலிருந்து திரும்பியிருந்த இரண்டாவது பனிமனிதன், முதல் முறையாக, ஒன்றுமே பேசவில்லை.

"கொலெட்," என்றாள் இர்மா. "தோள்லேர்ந்து குதிகால் வரைக்கும் சிறகு கட்டினவளுக்குத் தன் முதுகு எட்டாது. அந்தக் கொக்கியை நீ மாட்டல. மாட்டவே முடியாது. ரூல் புக்குல இருக்குன்னு எல்லாரும் நம்பினாங்க, நீ உள்பட."

கொலெட் கணவனின் பஞ்சுக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அப்ப... மாட்டினது யாரு?"

"திரும்பாதம்மா," என்றாள் இர்மா. "அன்னிக்கு எங்க நின்னானோ, இப்பவும் அங்கதான் நிக்கிறான். உன் முதுகுக்குப் பின்னாடி."